பத்து வயதான பிக்கப் வண்டி: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?



பழைய வண்டியை வைத்துக்கொள்வதா, தள்ளிவிட்டு வேறு எடுப்பதா என்ற கேள்வி இப்போது நம் தோட்டங்களில் அடிக்கடி எழுகிறது. ஒரு காலத்தில் லயத்துக்கு ஒரு சைக்கிள் இருந்தாலே பெரிய விஷயம். இன்று ஆலயக் கமிட்டிக்கு ஒரு வேன், மரண சகாய சங்கத்துக்கு ஒரு வண்டி, காண்டிராக்ட் எடுத்துச் செம்பனைக் குலை ஏற்றுகிற குடும்பத்துக்கு ஒரு பிக்கப் என்று வந்துவிட்டது. வண்டி வந்தால் அதற்கு வயதும் வருகிறது. கிளைக் கூட்டத்துக்குப் போகிற இடத்திலெல்லாம், "அண்ணே, இத என்னா செய்யலாம்?" என்று நம்மைக் கேட்கிறார்கள். சங்கத்துக்காரனுக்குச் சம்பள ஒப்பந்தம் தெரியும், வண்டிக் கணக்கு தெரியுமா என்று யாரும் யோசிப்பதில்லை.

நமக்குத் தெரிந்த அளவில், இந்தக் கேள்வியைக் காசுக் காசாக எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் உள்ள ஊர் சிங்கப்பூர்தான். அங்கே ஒரு லோரியின் ஆயுளைத் தீர்மானிப்பது முதலில் ஒரு காகிதம்; இஞ்சின் அப்புறம். நம் ஜொகூர்த் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் அந்த வண்டிகளை ஓட்டுகிறார்கள், ஏற்றி இறக்குகிறார்கள். அந்தக் காகிதத்தின் கதை அவர்கள் வயிற்றையும் தொடுகிற கதை என்பதால் இந்த வாரம் அதைச் சொல்கிறோம்.

தேக்காவில் ஒரு காய்கறிக் கடை

சிராங்கூன் சாலையில் தேக்காவைத் தெரியாத தமிழன் இந்தப் பக்கத்தில் இல்லை. இப்போதுள்ள தேக்கா நிலையம் 1982-ல் திறக்கப்பட்டது. அதை ஒட்டி ஓடுவது பஃபலோ ரோடு. பெயரே சொல்கிறது, ஒரு காலத்தில் அந்த வட்டாரம் மாட்டுக் கொட்டகையும் மாட்டு வியாபாரமுமாக இருந்த இடம். லோரி வந்த காலத்தில் அங்கே மாட்டு வண்டி வைத்திருந்தவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள், மாட்டை விற்பதா, இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுவதா என்று. கிழட்டு மாட்டுக்காவது சந்தையில் ஏதோ ஒரு விலை இருந்தது.

அங்கே காய்கறிக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் நமக்கு நெடுநாள் பழக்கம். அவருடைய தகப்பனார் குளுவாங் பக்கத்தில் பால் மரம் வெட்டியவர். அண்ணன் சின்ன வயதிலேயே மாமன் கடைக்கு வேலைக்குப் போய், கடையைக் கையிலெடுத்து, இப்போது 62 வயது. அக்காவும் கடையில் நிற்கிறார். மகன் படித்து ஆபீசு வேலைக்குப் போய்விட்டான். கடைப் பக்கம் வருவதில்லை. வண்டி ஓட்டுவது கூலாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போகிற ஒரு தம்பி.

அவர்கள் வண்டி ஒரு டீசல் பிக்கப். பின்னால் திறந்த தட்டு, மேலே கூடாரத் துணி. அதிகாலை மூன்று மணிக்குப் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போகும். 1983-லிருந்து அந்தச் சந்தைதான் சிங்கப்பூருக்குக் காய்கறிக் களஞ்சியம். கேமரன் மலைக் கோசும் ஜொகூர்க் கீரையும் அங்கேதான் போய் இறங்குகின்றன. ஐந்து மணிக்குள் சரக்கு தேக்காவுக்கு வந்தாக வேண்டும். ஆறு மணிக்கு வந்தால் நல்ல கத்தரிக்காயாக இருந்தாலும் பழைய கத்தரிக்காய் விலைதான்.

நாம் போயிருந்த சமயம் அந்த வண்டிக்குப் பத்து வயது முடிய மூன்று மாதம் இருந்தது. அண்ணன் சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. பேப்பருக்குத்தான் வயசாயிருச்சு."

காகிதத்தின் கதை

சிங்கப்பூரில் வண்டி வாங்குகிறவர் முதலில் வண்டி வைத்திருக்கும் உரிமையை வாங்க வேண்டும். அதற்கு 'வாகன உரிமைச் சான்றிதழ்' என்று பெயர். வாயில் எல்லாரும் சொல்வது சிஓஇ. 1990 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. சின்னத் தீவு, ரோட்டுக்கு இடம் குறைவு, ஆகவே இத்தனை வண்டிதான் என்று அரசாங்கம் எண்ணிக்கை வைத்து, அந்த இடங்களை மாதம் இரண்டு தடவை ஏலத்தில் விடுகிறது. கார்களுக்குத் தனிப் பிரிவு, மோட்டார் சைக்கிளுக்குத் தனிப் பிரிவு. லோரி, வேன், பிக்கப், பஸ் எல்லாம் 'சி' பிரிவு. சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டு. பத்து முடிந்தால் வண்டிப் பதிவை ரத்து செய்து உடைக்க வேண்டும் அல்லது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஓட்டத்தான் வேண்டுமென்றால் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

புதுப்பிக்க ஏலம் போட வேண்டியதில்லை. கடைசி மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்ட வேண்டும். பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் முழுத் தொகை, ஐந்து ஆண்டுக்கு என்றால் பாதி. ஆனால் ஐந்து ஆண்டு எடுத்தவர் மறுபடி ஒரு தடவை புதுப்பிக்க முடியாது. அதோடு அந்த வண்டிக்கு மங்களம். சரக்கு வண்டிக்கு எப்படிப் பார்த்தாலும் இருபது வயதுதான் எல்லை.

இந்த ஏல விலை இருக்கிறதே, அது நம் ரப்பர் விலையைப் போல ஆடுகிறது. 2019-ல் 'சி' பிரிவுச் சான்றிதழ் 30,000 வெள்ளிக்கும் கீழே கிடைத்தது. 2023-ல் அதே காகிதம் 90,000 வெள்ளியைத் தாண்டிப் போனது. எல்லாம் சிங்கப்பூர் வெள்ளி. இறங்கிய பிறகும் 2024-லும் 2025-லும் 60,000-க்கு மேலேயேதான் இருந்தது. லோரியின் உடம்பு மாறவில்லை, சுமக்கிற கோசின் எடையும் மாறவில்லை. காகிதத்தின் விலை மட்டும் மூன்று மடங்கு!

கார் வைத்திருக்கிறவருக்கு, பத்து வயதுக்குள் காரை ஒப்படைத்தால் கட்டிய பதிவு வரியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். சரக்கு வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. சான்றிதழில் மிச்சமிருக்கிற மாதங்களுக்கு உரிய காசு மட்டும் திரும்பும். பத்து வருஷமும் முடிந்த வண்டியை 'டிரேட்-இன்' கொடுக்கப் போனால் கிடைப்பது உடம்பின் விலை. அதாவது ஏற்றுமதிக்காரர் தருகிற காசு, இல்லையென்றால் இரும்பு விலை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். விற்பனைக்காரர் சில பேர், "பழைய வண்டிக்கு மத்தவனைவிட ஐயாயிரம் அதிகம் தர்றேன்" என்பார்கள். அந்த ஐயாயிரம் புது வண்டியின் விலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். பழையதைக் கொடுக்காமல் புது வண்டி என்ன விலை, புதியதை வாங்காமல் பழையது என்ன விலை என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். இது கடலுக்கு அந்தப் பக்கமும் உண்மை, இந்தப் பக்கமும் உண்மை.

மறுநடவுக் கணக்கு

நம் ஆட்களுக்கு இது புரியாத கணக்கு அல்ல. இருபத்தைந்து வயதான ரப்பர் மரத்தை வெட்டி மறுநடவு செய்வதா, இன்னும் மேலே ஏணி வைத்துப் பால் எடுப்பதா என்று நிர்வாகம் கணக்குப் போடுவதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்? கிழட்டு மரம் பால் தரும். ஆனால் குறைவாகத் தரும், வெட்டுகிறவன் முதுகை வாங்கும். புதுக் கன்று ஐந்தாறு வருஷம் எதுவும் தராமல் காசைத் தின்னும். மறுநடவு சரியா தப்பா என்பதை மரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கையில் எத்தனை காசு, இன்னும் எத்தனை வருஷம் இந்த நிலம் நம் கையில் என்பதையும் பார்க்க வேண்டும்.

அக்கா ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறார். வண்டிக்குச் செலவான ஒவ்வொரு வெள்ளியும் தேதியோடு அதில் இருக்கிறது. கிளட்ச் மாற்றியது, ரேடியேட்டர், இரண்டு தடவை இன்ஜெக்டர், பின் பட்டை ஸ்பிரிங் ஒன்று உடைந்தது, பேட்டரி, டயர். போன வருஷம் மொத்தம் ஏறக்குறைய 4,000 வெள்ளி. அதைவிட நம் கண்ணில் பட்டது அக்கா சிவப்புப் பேனாவில் எழுதியிருந்த இன்னொரு வரிசை: வண்டி பட்டறையில் படுத்த நாட்கள். போன வருஷம் பதினொரு நாள். படித்த முதலாளிகள்கூட இந்த வரிசையை எழுதுவதில்லை.

கடைப் பலகையில் உட்கார்ந்து மூவருமாகக் கணக்குப் போட்டோம். சான்றிதழ் 70,000 வெள்ளி, புது வண்டியின் உடம்பு 40,000 வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக்கொண்டோம்.

வைத்துக்கொண்டால்: ஐந்து ஆண்டுப் புதுப்பிப்பு 35,000. அதைக் கடனாக எடுத்தால், வருஷத்துக்கு 3 சதவீதம் நேர் வட்டி என்று வைத்தாலும் ஐந்து வருஷத்தில் 5,250 வட்டி. மாதத் தவணை 671 வெள்ளி. ரிப்பேர் வருஷம் 4,000 வீதம் 20,000. ஆக 60,250. வருஷத்துக்கு 12,050.

புதிது எடுத்தால்: 1,10,000 வெள்ளி. கையிலிருந்து 30,000 போட்டு, 80,000-க்கு ஏழு வருஷக் கடன், நேர் வட்டி 2.5 சதவீதம். வட்டி 14,000. மாதத் தவணை 1,119 வெள்ளி. எண்ணெய் மாற்றுவது, டயர் என்று வருஷம் 1,500 வீதம் பத்து வருஷத்துக்கு 15,000. மொத்தம் 1,39,000. வருஷத்துக்கு 13,900.

நேர் வட்டி என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது. மாதா மாதம் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி போடுவதுதான் நேர் வட்டி. 3 சதவீதம் என்று காட்டுகிற கடனின் உண்மை வட்டி ஐந்தரை சதவீதத்தை எட்டும். பெட்டிக் கடைக் கடன் புத்தகத்தைப் பார்த்த நமக்கு இந்த வித்தை புதிதல்ல.

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். வருஷத்துக்கு 1,850 வெள்ளி, மாதத்துக்கு 154. பழசு மலிவு, சரி. அக்காவின் சிவப்பு வரிசையைச் சேர்ப்போம். பதினொரு நாள் வாடகை வண்டி, நாளுக்கு 90 வெள்ளி வீதம் கிட்டத்தட்ட 1,000. மாத வித்தியாசம் 71 வெள்ளிக்கு இறங்கிவிட்டது. பத்து வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரியோடு கூடுதல் வரி உண்டு. பதினோராம் வயதில் 10 சதவீதத்தில் தொடங்கி, வருஷத்துக்கு வருஷம் ஏறி 50 சதவீதம் வரை போகும். வருஷத்துக்கு ஒரு தடவை இருந்த சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாகும். அதையும் போட்டால் இரண்டு பக்கமும் தராசு கிட்டத்தட்ட நேராக நிற்கிறது.

பத்து ஆண்டுப் புதுப்பிப்பைப் பற்றி நாம் வாயெடுத்தோம். அக்கா ஒரே வார்த்தையில் தள்ளினார்: "இருபது வயசு வரைக்கும் இதுக்கு யாரு வைத்தியம் பாக்குறது?"

அரசாங்கம் உதவி செய்யவில்லையா என்று கேட்கலாம். 2013-ல், பழைய டீசல் வண்டியை முன்கூட்டியே ஒப்படைத்துப் புதிது வாங்குகிறவர்களுக்குச் சான்றிதழில் சலுகை தரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். புகை அதிகம் விடுகிற பழைய தரத்து வண்டிகளை ரோட்டிலிருந்து இறக்குவது நோக்கம். பின்னர் அது யூரோ 4 தரம் வரை விரிந்தது. 2014-லிருந்து பதிவான டீசல் வண்டிகள் யூரோ 5 தரம். அண்ணன் வண்டி அதில் சேர்ந்தது, ஆகவே சலுகைக்கு வெளியே. நல்ல புகையாகப் போனதால் சலுகை இல்லை என்று அண்ணன் சிரித்தார். டீசலுக்கோ 2017-ல் லிட்டருக்குப் பத்துக் காசு வரி போட்டு, 2019-ல் இருபது காசாக்கினார்கள். மின்சார வேன் எடுத்தால் சலுகை உண்டு என்று 2021-ல் திட்டம் வந்ததும் அவருக்குத் தெரியும். "அடுக்குமாடி வீட்ல இருக்கேன். ராத்திரி பூரா சார்ஜ் போட இடம் கெடைக்கலன்னா மூணு மணிக்கு நான் எதுல போறது?" என்றார். நியாயமான கேள்வி.

முந்நூறு வெள்ளி

தராசு நேராக நிற்கிறது என்றோம். ஆனால் அக்காவின் புத்தகத்தில் பழைய வண்டிப் பக்கம் ஒரு வரவு இருந்தது: மாதம் 300 வெள்ளி. என்ன இது என்று கேட்டோம்.

அண்ணனுக்கு உறவுக்காரர் ஒருவர் சின்னக் காண்டிராக்டர். கட்டடங்களுக்குப் பூச்சு வேலை எடுக்கிறவர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இந்தப் பிக்கப்பை எடுத்து, வேலை முடித்த எட்டு ஆட்களைத் தட்டில் ஏற்றி விடுதியில் கொண்டுபோய் விடுவார்கள். தமிழ்நாட்டுப் பையன்கள், வங்கதேசத்துப் பையன்கள். அதற்கு வாடகை 300. ஓட்டுகிறவர் நம் கூலாய்த் தம்பியேதான்; அவருக்குத் தனியாக 100 வெள்ளி.

வருஷத்துக்கு 3,600 வரவு. இதைச் சேர்த்தால் பழைய வண்டியே ராஜா. புது வண்டி எடுத்தால் அதன் தட்டில் எட்டுப் பேரைச் சிமெண்டுக் காலோடு ஏற்ற அண்ணனுக்கு மனசு வராது. அதாவது, பழைய வண்டி லாபமாகத் தெரிவதற்கு அந்த எட்டுப் பேர்தான் காரணம்.

நாம் அந்த வரியை அடிக்கச் சொன்னோம். ஏன் என்று சொல்கிறோம்.

சிங்கப்பூரில் லோரித் தட்டில் சாதாரணமாக ஆள் ஏற்றக் கூடாது. வேலையாட்களை வேலை நிமித்தம் ஏற்றிச் செல்ல மட்டும் சட்டம் இடம் தருகிறது. கூடாரம் வேண்டும், பக்கத் தடுப்பு உயரமாக இருக்க வேண்டும், எத்தனை பேர் என்று வண்டியில் ஒட்டியிருக்க வேண்டும், தரையில் உட்கார்ந்து வர வேண்டும். இருக்கையும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. 2021 ஏப்ரல் 20-ஆம் தேதி காலை, தீவு விரைவுச்சாலையில் ஆட்களை ஏற்றி வந்த லோரி ஒன்று, நின்றிருந்த டிப்பர் வண்டியில் மோதியது. இரண்டு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் வங்கதேசத்தவர். பத்துப் பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். லோரியில் ஆள் ஏற்றுவதையே நிறுத்த வேண்டும் என்று 2023-ல் பல அமைப்புகள் குரல் கொடுத்தன. சிறு நிறுவனங்கள் தாங்காது, பஸ்ஸும் டிரைவரும் போதாது என்று வணிகச் சங்கங்கள் பதில் சொன்னன. அரசாங்கமும் தடை போடவில்லை. 2023 ஜனவரியிலிருந்து மழைத் துணி கட்டாயம், டிரைவர் கண் அசராமல் பார்த்துக்கொள்ள ஒரு துணை ஆள், நீண்ட நேரம் வேலை செய்தவர் வண்டி எடுக்குமுன் 30 நிமிடம் ஓய்வு என்று விதிகள் வந்தன.

ஓய்வு என்றதும் அந்தத் தம்பியின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை ஒரு மணிக்கு எழுந்து பாலம் தாண்டுகிறார். மூன்று மணிக்குப் பாசிர் பாஞ்சாங். பகல் பன்னிரண்டு வரை இறக்குவதும் கடைகளுக்குப் போடுவதும். பிறகு கடைக்குப் பின்னால் அட்டை விரித்துக் கொஞ்சம் படுக்கிறார். ஆறு மணிக்கு மறுபடி ஸ்டியரிங். பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்பதரை. இந்த மனிதர் கையில், பத்து வயது முடிந்த பிரேக்கில், எட்டுப் பேர்.

நாமும் லோரித் தட்டில் வேலைக்காட்டுக்குப் போனவர்களின் பிள்ளைகள். மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தட்டில் நின்ற தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிப் பேசுகிற வாயால், தேக்காவில் போய் "முந்நூறு வெள்ளி நல்ல வரவு அண்ணே" என்று சொல்ல முடியாது.

அண்ணன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அவனுங்க எப்படியும் ஏதோ ஒரு லோரியிலதான் போகப் போறானுங்க தம்பி" என்றார். அதுவும் பொய்யல்ல. அக்காதான், "நம்ம லோரியா இருக்க வேணாங்க" என்று சொல்லி அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார்.

வரவை அடித்த பிறகு மறுபடி தராசைப் பார்த்தோம். முடிவைச் சொன்னது வண்டியின் வயது அல்ல, அண்ணனின் வயது. "எனக்கு இன்னும் அஞ்சு வருஷம் கடையில நிக்கத் தெம்பு இருக்கு. அறுபத்தேழுல எதுக்குப் புது வண்டிக்கு ரெண்டு வருஷக் கடன் மிச்சம் வைக்கணும்?" ஏழு வருஷக் கடன் அந்த மனிதருக்கு ஏற்றதல்ல. ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தார். நடுவில் உடம்பு முடியாமல் போய் மூன்றாம் வருஷத்தில் வண்டியை ஒப்படைத்தால், மிச்ச இரண்டு வருஷத்துக்கு 35,000-ல் ஐந்தில் இரண்டு பங்கு, 14,000 வெள்ளி, திரும்பி வரும். இது நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். புதுப்பித்தால் காசு முழுக்கப் போச்சு என்று நினைக்கிறார்கள்.

அதே கடையில் முப்பத்தைந்து வயது மகன் உட்கார்ந்திருந்தால் நாமே புது வண்டி எடுக்கச் சொல்லியிருப்போம்.

வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி, முன்கூட்டியே பிரேக் முழுக்கப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். போமன் கீழே படுத்துச் சேசிசைச் சுத்தியால் தட்டித் தட்டிப் பார்த்தாராம். டங் என்று கேட்டால் இரும்பு, டொப் என்று கேட்டால் துரு. தட்டின் கீழே ஓரிடம் டொப். அதை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்தார்கள்.

தம்பிக்கு மாதம் 100 வெள்ளி போய்விட்டது. அண்ணன் சம்பளத்தில் 50 ஏற்றித் தந்தார். மிச்ச 50-க்கு அந்தப் பையன் நம்மிடம் கோபித்துக்கொண்டார். "அண்ணே, தங்கச்சி கல்யாணத்துக்குச் சீட்டு கட்டிக்கிட்டு இருந்தேன். உங்க சங்கப் பேச்சால அது போச்சு." பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. எட்டு மணி நேரம் தூங்கு என்று சொன்னால் சீட்டுப் பணம் ஆகாது.

நம் பக்கத்துக்கு வருவோம்

இங்கே பத்து வருஷக் காகிதம் கிடையாது. ஓடுகிற வரைக்கும் ஓட்டலாம் என்பது நமக்கு வசதி, அதுவே ஆபத்தும்கூட. காகிதம் சாகாததால் நாம் கணக்கே போடுவதில்லை. சரக்கு வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை உண்டு. சோதனைக்கு முதல் நாள் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, முடிந்ததும் கழற்றித் திருப்பிக் கொடுக்கிற கெட்டிக்காரர்களும் நம்மிடம் உண்டு. அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் யாரை ஏமாற்றுகிறோம்?

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகையை எடுத்தபோது, விலை லிட்டர் 2 ரிங்கிட் 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 காசானது. பழைய டீசல் வண்டி வைத்திருந்த தோட்டத்துக் குடும்பங்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணின. இன்ஜெக்டர் தேய்ந்த வண்டி குடிக்கிற அதிக எண்ணெய் ரிப்பேர்ச் செலவில் தெரியாது. நிலையத்துச் சீட்டில்தான் தெரியும். அந்தச் சீட்டுகளை ஒரு டின்னில் போட்டு வையுங்கள். அக்காவைப் போல் ஒரு நோட்டும், படுத்த நாட்களுக்குச் சிவப்புப் பேனாவும் போதும். ஆறு மாதத்தில் வண்டியே தன் கதையைச் சொல்லும்.

விற்க முடிவு செய்தால், பெரிய ரிப்பேர் வருவதற்கு முன் விற்க வேண்டும். கிளட்சும் டயரும் புதிதாகப் போட்ட அடுத்த மாதம் விற்கிறவர் வாங்குகிறவருக்குத் தர்மம் செய்கிறார். கமிட்டி வண்டியென்றால் கூட்டம் போட்டு, மினிட்டில் எழுதி, மூன்று இடத்தில் விலை கேட்டுத்தான் விற்க வேண்டும். தலைவரின் மச்சானுக்கு விற்றுவிட்டுப் பிறகு பொதுக் கூட்டத்தில் நாற்காலி பறந்த தோட்டம் நமக்குத் தெரியும், பேர் வேண்டாம்.

சென்ற மாதம் நாம் போன ஒரு தோட்டத்து ஆலயக் கமிட்டியின் வேனுக்குப் பதினாறு வயது. தேர்த் திருவிழாவுக்குச் சாமான் ஏற்றவும், பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிகளுக்குக் கூட்டிப்போகவும் வைத்திருந்தார்கள். விற்றால் இரும்பு விலைதான், புதிது வாங்க நிதி இல்லை. நாம் தேக்காக் கணக்கைச் சொன்னோம். அன்றைக்கே பொருளாளர் ஸ்பானர் எடுத்து வந்து பின் இருக்கைகளைக் கழற்றி ஸ்டோரில் போட்டார். இனி அந்த வேனில் பந்தல் கம்பும் அண்டாவும் மட்டும். பிள்ளைகளுக்கு, போட்டி வருகிற நாட்களில் பஸ் வாடகைக்கு எடுப்பது, அதற்கு வீட்டுக்கு மாதம் இரண்டு ரிங்கிட் என்று தீர்மானமானது. முதல் மாத வசூலில் பதினொரு வீடு பாக்கி.